ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சும்

கணிதத்துறை ஆண்டு விழாவில் மேடையேறி ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று, லேபில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பேச வராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன்.

"சரி ஆச்சி, மலர்ல போட்டுருவோம். அந்தப் பெரிய நம்பர் கதைய எழுதுங்க. ஆளுக்கு ஒரு மாதிரில்லா சொல்லுதாவ" என்றாள் ஒருத்தி.

ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வதால் நடந்தபடி எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் தெரியும். அதற்கு மேல் எழுதியிருப்பது அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டதும் நான் புரிந்துகொண்டதும்தான். பிழை இருந்தால் கணக்கு வாத்தியார்கள் திருத்திக்கொள்ளலாம்.

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் போகிற ரோட்டில் இருக்கும் நம் கல்லூரியில் நான் முதலில் வராந்தா பெருக்கத்தான் சேர்ந்தேன். கீழப்பாவூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். மூன்றாவது வருஷம் கம்ப்யூட்டர் லேப் திறந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வைக்கவும், உள்ளே தூசி துடைக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரோடும் வாய் கொடுக்க மாட்டாள் என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் எனக்கிருந்த தகுதி.

ஒரு மாதத்தில் வேலை பழகிவிட்டது. ஈரத்துணி கூடாது, காய்ந்த துணி. முதலில் திரையை அணைக்க வேண்டும், பிறகு பெட்டியை, பிறகு யு.பி.எஸ்.ஸை, கடைசியில் மெயின் சுவிட்சை. போடும்போது இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். முப்பத்தாறு கம்ப்யூட்டர், ஆறு வரிசை. எல்லாவற்றுக்கும் பெயின்டில் நம்பர் எழுதியிருக்கும்.

லேப் பொறுப்பு பரமசிவன் சாருடையது. வடகரைக்காரர், வீட்டில் தென்னந்தோப்பு உண்டு. அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் அதை எண்ணிச் சொல்வார், அதோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது மவுசுக்கு அடியில் ஒரு ரப்பர் குண்டு இருக்கும். அதில் அழுக்குச் சேர்ந்தால் அம்பு நகராது. பிள்ளைகள் முனகுவதைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை முப்பத்தாறு குண்டுகளையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, மாடிச் சுவரின் மேல் வெயிலில் காயப் போட்டேன். மத்தியானம் சார் மாடிக்கு வந்தார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், உதட்டை அசைத்து எண்ணினார்.

"முப்பத்தஞ்சு இருக்கு, உலகம்மா" என்றார்.

அவ்வளவுதான், கீழே இறங்கிவிட்டார். காக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. நான் சாயங்காலம் வரை அந்தக் கட்டிடத்தைச் சுற்றிப் புல்லுக்குள் தேடினேன். கிடைக்கவில்லை. எட்டாம் நம்பர் மவுஸ் கொஞ்ச நாள் குண்டில்லாமல் கிடந்தது. ஏசியிருந்தால் மறந்துபோயிருக்கும்.

பல வருஷம் இப்படியே போனது. பிறகு புதுக் கட்டிடத்தில் புது லேப் வந்தது, பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். பழைய லேபின் முப்பத்தாறும் சும்மா கிடந்தன. பூஜை லீவு முடிந்ததும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அதற்கு நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்துக்கு அவற்றைத் தனக்குத் தர வேண்டும் என்று ஜெயந்தி மேடம் கேட்டு வாங்கினார்.

மேடம் கணிதத்துறையில் தற்காலிக வாத்தியார். தென்காசியில் அம்மாவோடு இருந்தார். பட்டத்துக்கு ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த ஜூனுக்குள் பட்டம் வராவிட்டால் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எழுத்து வேலை எல்லாம் முடிந்து, ஓர் அத்தியாயத்தில் ஒரே ஓர் எண் மட்டும் நின்றது. நூற்றெண்பத்து மூன்று இலக்கம். அதைப் பெரிய தாளில் அடித்துக் கொண்டுவந்து கரும்பலகையில் ஒட்டினார். நான்கு வரி வந்தது. தூசி தட்டும்போது அதில் துணி படாமல் பார்த்துக்கொண்டேன்.

பரமசிவன் சார் அதன் முன்னால் கைகட்டி நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"என்ன மேடம் இது?"

"பகு எண் சார். உடையும். எதால உடையும்னுதான் தெரியாது."

"எதால உடையும்னே தெரியாது. பெறவு உடையும்னு எப்படிச் சொல்லுதிய?"

"சார், தேங்கா வாங்கையில காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாக்குதியள்லா? உள்ள தண்ணி கெடக்குன்னு உடைச்சா தெரிஞ்சுக்கிடுதிய?"

"தேங்கா நான் வாங்க மாட்டேன் மேடம். விப்பேன்."

"விக்கதுக்கு முன்னாடி ஆட்டிப் பாப்பியள்லா?"

சார் ஒத்துக்கொண்டார். பகா எண்ணாக இருந்தால் தேறியே ஆக வேண்டிய ஒரு பரீட்சை இருக்கிறதாம். இந்த எண் அதில் தேறவில்லை. அதனால் இது இரண்டு எண்களைப் பெருக்கி வந்ததுதான், அதில் சந்தேகம் கிடையாது. அந்த இரண்டு எண் எவை என்றுதான் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால் ஆயுசு போதாது. அதனால் கம்ப்யூட்டர் தானாகவே சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஓர் எண்ணை எடுத்து, அதை வைத்து ஒரு தடவை முயலும். கிடைக்காவிட்டால் அடுத்த சீட்டு. ஒரு முயற்சிக்கு முக்கால் மணி நேரம் போகும். முப்பத்தாறு பெட்டியும் நான்கு மாதம் இதையே செய்ய வேண்டும்.

இதில் ஒரு சங்கடம். பிள்ளைகள் எதையாவது ஏற்றிக் கெடுத்துவிடாமலிருக்க, அந்தக் கம்ப்யூட்டர்களை அணைத்தால் அன்றைக்கு நடந்தது எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும்படி சார் செய்து வைத்திருந்தார். வைரஸ் வரும் என்று பென் டிரைவுக்கும் தடை. ஆகையால் திரையில் வருவதைக் கையால் ரெஜிஸ்டரில் எழுதி வைக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் மேடம் என்னைக் கேட்டார்.

எனக்கு வராது என்றேன்.

"எண்ணு தெரியும்லா அக்கா? அது போதும். பாஷை வேண்டாம்" என்றார்.

முதல் நாள் என்னை உட்கார வைத்து, ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதச் சொன்னார். 1111111. அதை 239ஆல் வகுக்கச் சொன்னார். மீதியில்லாமல் 4649 வந்தது.

"இப்ப 239ஐ ஏழால வகுங்க."

ஒன்று மிஞ்சியது.

"4649ஐ வகுங்க."

அதிலும் ஒன்று மிஞ்சியது.

"ஒண்ணு, பத்து, நூறுன்னு ஏழு எண்ணைக் கூட்டினா இந்த ஏழு ஒண்ணு வரும். பத்துக்குப் பதிலா முப்பத்தொரு எலக்கத்துல ஒரு எண்ணை வச்சு அதே மாதிரி கூட்டினதுதான் போர்டுல இருக்குறது. ரெண்டும் ஒரே வகை. இந்தப் பெரிய எண்ணுக்கு எந்தக் காரணி வந்தாலும் ஏழால வகுத்தா ஒண்ணுதான் மிஞ்சும். வேற எது மிஞ்சினாலும் தப்பா எழுதிட்டியன்னு அர்த்தம்."

"ஒண்ணு மிஞ்சினா சரியா எழுதிருக்கேன்னு அர்த்தமா?" என்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

மேடம் சிரித்தார். "இல்ல அக்கா. எட்டை வகுத்தாலும் ஒண்ணுதான் மிஞ்சும். ஏழு தப்பைக் காட்டிக் குடுக்கும். சரியை உறுதியாச் சொல்லாது."

வேலை இதுதான். காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலம் நாலரைக்கும் ஆறு வரிசையையும் சுற்ற வேண்டும். ஒவ்வொரு திரையிலும் கீழே எத்தனையாவது முயற்சி என்று ஓர் எண் இருக்கும், அதை எழுத வேண்டும். காரணி கிடைத்துவிட்டால் அந்தப் பெட்டி ஓடாமல் நின்றுவிடும். திரையின் மேல் வரியில் F என்று போட்டு, காரணி பெரிய எழுத்தில் நிற்கும். எனக்குக் கண் மங்கல் என்று மேடம்தான் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தார். அப்படி வந்தால் ஓர் ஈர்க்குச்சியால் இலக்கம் இலக்கமாகத் தொட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லி எழுத வேண்டும். பிறகு வலது கோடியிலிருந்து இடது பக்கமாக ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். பிறகு ஏழால் வகுக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தொடலாம்.

நான்கு மாதத்தில் F வரவே இல்லை. சீசனுக்குக் குற்றாலத்துக்கு வந்த கூட்டமெல்லாம் வந்து போய்விட்டது. ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. காலையில் நான் லேபுக்குள் நுழையும்போது மேடம் வாசலிலேயே நிற்பார். நான் சுற்றி வந்து தலையை ஆட்டுவேன். அவர் வகுப்புக்குப் போய்விடுவார். கடைசி மாதத்தில் வாசலில் நிற்பதையும் விட்டுவிட்டார். சாயங்காலம் ரெஜிஸ்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

சரஸ்வதி பூஜை வந்தது. அன்றைக்கு எந்த எந்திரமும் ஓடக் கூடாது, அணைத்து, பொட்டு வைத்து, மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் தொட வேண்டும் என்பது நம்மிடம் உள்ள வழக்கம். லேத் பட்டறையில் எப்படியோ அப்படித்தான் லேபிலும். ஒரே ஒரு வரிசையையாவது ஓட விடுங்கள் என்று மேடம் முந்தின நாள் சாரிடம் கேட்டுப் பார்த்தார்.

"மேடம், வீட்டுல மிக்சியவே நாளைக்கு ஓட்ட மாட்டா என் வீட்டுக்காரி. சட்னி இல்லாமத்தான் இட்லி. நான் இங்கன கம்ப்யூட்டரை ஓட விட்டேன்னு தெரிஞ்சா அந்த இட்லியும் கிடையாது."

அதற்குமேல் மேடம் கேட்கவில்லை. பதினொரு மணி வரை ஓடட்டும் என்று சார் தாமாகவே விட்டுக்கொடுத்தார். மேடம் காலையில் ஆராய்ச்சி விஷயமாகத் திருநெல்வேலி போயிருந்தார்.

நான் எட்டு மணிக்கே வந்து தரையைக் கழுவி, கோலம் போட்டு, சந்தனம் குழைத்தேன். முந்தின வருஷம் பிளாஸ்டிக்கில் வைத்த பொட்டு கறையாகிப் போகவே இல்லை. அதனால் கண்ணாடியில் வை, துடைத்தால் போய்விடும் என்று சார் சொல்லியிருந்தார். திரைக் கண்ணாடியின் மேல்பக்கம், நடுவில், சுண்டு விரலால் ஒரு சந்தனம், அதன் மேல் குங்குமம். முப்பத்தாறுக்கும் வைத்தேன். பிறகு தேங்காய், பழம், பொரி எல்லாம் எடுத்து வைக்கிற வேலை. பத்தே முக்காலுக்கு பிரின்சிபாலும் துறைத்தலைவரும் வந்து நின்றார்கள். அணைப்பதற்கு முன்னால் கடைசி எண்களை எழுதிவிடலாம் என்று ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு சுற்றினேன்.

இருபத்து மூன்றாம் நம்பரில் மேல் வரி நிறைந்திருந்தது.

நான் பொட்டு வைத்தபோது அந்த வரி இல்லை. பிறகு வந்திருக்கிறது. வைத்த பொட்டு நடுவில் ஓர் இலக்கத்தின் மேல் இருந்தது. நாற்பத்தொன்று, பொட்டு, அறுபத்து மூன்று. அந்த இடம் மட்டும் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பார்த்ததை ரெஜிஸ்டரில் எழுதினேன். பொட்டுக்கு முன்னால் பதினெட்டு இலக்கம், பின்னால் இருபது. பொட்டை அழித்துவிட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? முந்தானை நுனியால் ஒரு துடை. ஆனால் சாமிக்கு வைத்த பொட்டை, மணி அடிக்கிற நேரத்தில், பிரின்சிபால் பார்க்க அழிப்பதற்கு எனக்குக் கை வரவில்லை. தீபாராதனை முடியட்டும், எல்லாரும் திரும்பிப் பிரசாதம் வாங்குவார்கள், அப்போது துடைத்துப் பார்க்கலாம் என்று நின்றேன். மறைந்த இலக்கத்துக்கு இடத்தைக்கூட விடாமல் சேர்த்தே எழுதியிருந்தேன்.

சார் கற்பூரம் காட்டினார். தட்டைக் கீழே வைத்தார். இரண்டடி நடந்து மெயின் சுவிட்சை இறக்கினார். ஒரே தடவையில் எல்லாம் அணைய வேண்டும் என்று யு.பி.எஸ்.களின் பேட்டரி ஒயரை முன்னாலேயே கழற்றியிருந்தார்.

முப்பத்தாறும் ஒன்றாக இருட்டின. சார், ஒரு நிமிஷம் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த மூன்று சொல் என் வாயில் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேடம் வந்தார். ரெஜிஸ்டரைப் புரட்டினவர் அப்படியே கழுவின தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா, ஏழால வகுத்துப் பாத்தியளா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். மேடம் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நான் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் ஆட்டினேன். இதை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவர் பிரின்சிபாலிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அவருக்கும் சந்தோஷம். நாளைக்குப் பத்தரை மணிக்கு மறுபூஜை முடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பெரிய எண்ணை இதால் வகுத்துக் காட்டுங்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்றார். மேடம் போகும்போது, "காலையில அம்மாவைக் கூட்டிக்கிட்டு குத்தாலத்து மெயின் அருவியில குளிச்சிட்டு நேரா வந்துருதேன் அக்கா. வேண்டுதல்" என்றார்.

நான் அந்த எண்ணைப் பொரி கட்டின தாளில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பின்வாசலில் தாளை விரித்து வகுக்க உட்கார்ந்தேன். எழுதினபடியே ஏழால் வகுத்தால் ஐந்து மிஞ்சியது. இன்னொரு தடவை வகுத்தேன், அப்போதும் ஐந்துதான். அது காரணி இல்லை என்பது நிச்சயமாகிவிட்டது. என் வீட்டுக்காரரின் தங்கை பேச்சியம்மாள் சுண்டல் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மயினி, இன்னைக்குப் புஸ்தகத்தைத் தொடக் கூடாதுன்னு சொல்லுவாவ. நீங்க பரீட்சைக்கு உக்காந்திருக்கிய?"

"புஸ்தகம் இல்லட்டி. பொரி கட்டின தாளு."

"பொரிக்கா இம்புட்டுக் கணக்கு?" என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பொட்டு இருந்த இடம் வரைக்கும் உள்ள பதினெட்டு இலக்கத்தை மட்டும் வகுத்தாலும் ஐந்துதான் மிஞ்சுகிறது. அந்த ஐந்தோடு பொட்டுக்குக் கீழிருந்த இலக்கத்தைச் சேர்த்து, பின்னாலுள்ள இருபதையும் தொடர்ந்து வகுக்க வேண்டும். எந்த இலக்கம் என்று தெரியாது, ஆனால் பத்துக்குள் ஒன்று. பத்தையும் போட்டுப் பார்ப்பது என்று ஆரம்பித்தேன். சைபர் போட்டால் நான்கு மிஞ்சியது. ஒன்றுக்கு ஆறு. இரண்டுக்கு ஒன்று. மூன்றுக்கு மூன்று, நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு மிச்சமே இல்லை, ஆறுக்கு இரண்டு. ஏழு போட்டால் சைபருக்கு வந்த அதே நான்கு வந்தது. அப்போதுதான் புரிந்தது, இனி வருவது முதலில் வந்ததுதான் என்று. எட்டுக்கு ஆறு, ஒன்பதுக்கு மறுபடியும் ஒன்று.

ஆக இரண்டு, இல்லாவிட்டால் ஒன்பது. மற்ற முப்பத்தெட்டு இலக்கத்தை நான் சரியாக எழுதியிருந்தால். சரிபார்க்காமல் எழுதினதால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

பத்தரை மணிக்கு லேபில் எல்லார் முன்னாலும் மேடம் தப்பான எண்ணைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. மெயின் அருவிதான் தெரியும்.

விஜயதசமி அன்று முதல் பஸ்ஸில் தென்காசி வந்து, அங்கிருந்து குற்றாலம் போனேன். அந்த வருஷம் புரட்டாசியிலும் தண்ணீர் குறையவில்லை. பெண்கள் பக்கம் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். மேடத்தின் அம்மா வெளியே துணிப்பையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். மேடம் அருவிக்குள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காத்திருந்தால் நேற்று மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. உடுத்தின சேலையோடு இறங்கிப் போனேன்.

"மேடம், எண்ணு தப்பு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் குளிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார், கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தார். நான் அவர் காதோரம் போய்க் கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது.

"ஒரு எலக்கத்தை விட்டுட்டேன் மேடம். பொட்டு மறைச்சிருந்துச்சு. ஏழால வகுக்கவும் இல்ல."

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் கம்பியை விட்டுவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தலைய ஆட்டினியளே அக்கா" என்றார்.

"ஆட்டினேன்."

வேறு எதையும் சொல்லித் தப்பிக்க எனக்குத் தெரியவில்லை. இடுப்பிலிருந்த தாளை எடுத்தேன். நனைந்து கூழாகியிருந்தது. பரவாயில்லை, வேண்டியது மனசில் இருந்தது.

"பதினெட்டு எலக்கத்துக்கு அடுத்தது. நாப்பத்தொண்ணுக்கும் அறுவத்து மூணுக்கும் நடுவுல. ரெண்டு, இல்லேன்னா ஒம்பது."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பத்தையும் போட்டுப் பாத்தியளா? கையாலயா?"

"ஆமா. மத்ததுல தப்பு இருந்தா தெரியாது மேடம்."

"எதுக்குட்டி ரெண்டு பேரும் ஈரத்தோட உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கிய?" என்று மேடத்தின் அம்மா வந்து, ஒரே துண்டால் எங்கள் இரண்டு பேர் தலையையும் துவட்டினார். மேடம் அழுதாரா என்று சொல்ல முடியாது, முகமெல்லாம் தண்ணீர்தான். என்னை ஏசவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்தரைக்கு மறுபூஜை முடிந்தது. சார் முதலாம் நம்பர் கம்ப்யூட்டரைப் போட்டார். பிரின்சிபால், துறைத்தலைவர், கணிதத்துறை ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மேடம் பெரிய எண்ணைப் போட்டார். பிறகு ரெஜிஸ்டரைப் பார்த்துக் காரணியை அடித்தார், பதினெட்டு இலக்கத்துக்கு அடுத்து இரண்டைச் சேர்த்து. மீதி என்ற இடத்தில் கோடி முதல் கோடி வரை எண்கள் வந்து நின்றன.

"இது சரியா?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"இல்ல சார். மீதி வரக் கூடாது."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கதவோரம் ஈரச் சேலையோடு நின்றேன். மேடம் இரண்டை அழித்துவிட்டு ஒன்பதை அடித்தார். ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மீதி: 0.

ஒற்றை சைபர். பக்கத்தில் வேறு ஒன்றுமில்லை. ஈவாக வந்த எண்ணும் பகா எண்தானா என்று பார்த்தார், அதுவும் பகா எண்தான். இரண்டே துண்டு. இனி உடைய அதில் ஒன்றுமில்லை. மேடம் திரையைப் பார்த்தபடியே இருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் துறைத்தலைவர் கேட்டார்: "ஜெயந்தி, இந்த எடத்துல ஒரு எலக்கம் கொறையுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. "எழுதினதுல தெளிவா இல்ல சார்" என்றார். அதோடு முடித்திருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை.

"தெளிவாத்தான் இருந்துச்சு சார். நான்தான் விட்டுட்டேன்" என்றேன். எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். "நான் வச்ச பொட்டு மேல இருந்துச்சு. அழிச்சுப் பாக்கல. ஏழால வகுத்துப் பாத்தேன்னும் மேடத்துக்கிட்ட தலைய ஆட்டிட்டேன்."

பிரின்சிபால் பரமசிவன் சாரைப் பார்த்தார். சார் வரிசை வரிசையாகத் திரைகளைப் பார்த்து உதட்டை அசைத்து எண்ணினார்.

"முப்பத்தாறு பொட்டு சார்" என்றார். "கண்ணாடியில வைக்கச் சொன்னது நான்."

வழக்கம்போல அதோடு நிறுத்திக்கொண்டார்.

ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஆராய்ச்சியோடு இணைக்க வேண்டும், அதில் எண் சரியாக இருக்க வேண்டும் என்று துறைத்தலைவர் சொன்னார். மேடம் பேனாவை எடுத்தார். திருத்த வேண்டியது எழுதின ஆள்தான் என்று சார் தடுத்தார். மேடம் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். அடுத்த ஜூனிலும் அவர் இதே கல்லூரியில் வேலையில் இருந்தார், இன்றும் இருக்கிறார். ஆனால் அந்த நிமிஷத்தில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கே என்று விரலால் காட்டினார்.

எழுதினதற்கு மேலே சின்னதாக ஒன்பது போட்டு, கீழிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.

"முழுசா வேண்டாம் உலகம்மா. திருத்தத்துக்குச் சுருக்கிப் போட்டாப் போதும்" என்றார் சார்.

எனக்குச் சுருக்கிப் போடத் தெரியாது. ஐந்து எழுத்தையும் எழுதி முடிக்கும்வரை எல்லாரும் நின்றார்கள்.